காசு ஓர் இரவு தங்காத ஊர்

இலங்கையின் மலையேறும் ரயில் நாவலப்பிட்டியில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தாலே ஊரின் பிழைப்பு விளங்கிவிடும். கண்டியில் ஏறிய சுற்றுலாக்காரர்கள் இறங்குவதில்லை. அவர்களுக்கு எல்ல வரை சீட்டு. ஜன்னலால் போனை நீட்டி மேடையை ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். இறங்குகிறவர்கள் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், கம்பளைப் பக்கம் படிப்பித்துவிட்டுத் திரும்பும் ஆசிரியைகள், கொழும்புக் கடைகளில் நின்று லீவில் வரும் தோட்டத்துப் பையன்கள். ஏறுகிறவர் வடைக்காரர். பழைய கொப்பித் தாளில் சுருட்டிய வடையும் கடலையுமாகப் பெட்டிக்குப் பெட்டி தாவி விற்றுவிட்டு, எதிரில் வரும் ரயிலில் திரும்பிவிடுவார். ஊரைக் கடந்து போகும் அந்நியச் செலாவணியில் ஊருக்குள் வருவது பெரும்பாலும் அவர் மடியில் வருகிற அளவுதான்.

ஒரு காலத்தில் எல்லாரும் இங்கே இறங்கித்தான் ஆகவேண்டும். 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பாதை, பேராதனையில் கிளை பிரிந்து 1873இல் கம்பளையையும் 1874 டிசம்பரில் நாவலப்பிட்டியையும் தொட்டது. அதோடு நின்றுவிட்டது. எதிரே செங்குத்தான மலை. அதற்குள் கோப்பியை இலைநோய் பிடித்துக்கொண்டது. இனி மேலே பாதை போட்டால் கட்டுப்படியாகுமா என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. அட்டனுக்கு ரயில் போனது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல்தான். இடைப்பட்ட பத்து ஆண்டுகள் நாவலப்பிட்டிதான் கடைசி நிலையம். துரைமார், கங்காணிமார், கூலிகள், அரிசி மூட்டை, கோப்பி மூட்டை எல்லாம் இங்கே ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் இடையே கை மாறின. இறங்கியவர் இரவு தங்கினார். தங்கியவருக்குச் சோறு வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், வண்டிக்கு அச்சாணி வேண்டும். ஊர் அப்படித்தான் உண்டானது. எந்த அபிவிருத்தித் திட்டமும் போட்டு அல்ல, ரயில் நின்றதால்.

பிறகு ரயில் ஊரைத் தாண்டிப் போனது. ஆனாலும் ஊர் படுத்துவிடவில்லை. ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் எஞ்சின் கொட்டகையும் ரயில்வே குடும்பங்களும் இங்கேயே இருந்தன. கோப்பி விளைந்த மலைகள் தேயிலையாயின. இம்புல்பிட்டி, கிரெய்க்ஹெட் என்று சுற்றிலும் தோட்டங்கள். நீதிமன்றம், பொது வைத்தியசாலை, பஸ் டிப்போ, கதிரேசன் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி எல்லாம் வந்தன. நா. முத்தையா நடத்திய 'ஆத்மஜோதி' என்ற ஆன்மிக மாத இதழ் பல ஆண்டுகள் இந்த ஊரிலிருந்துதான் யாழ்ப்பாணம் வரை போய்க்கொண்டிருந்தது. வெளியே இருந்து வாங்குவதற்கு மட்டுமான ஊராக இது எப்போதும் இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைய நிலைமை வேறு. தோட்டங்களில் சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். தொலஸ்பாகைப் பக்கமிருந்தும் கினிகத்தேனைப் பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். பருப்பு, மா, கருவாடு, பிள்ளைக்குச் சப்பாத்து, நகைக்கடையில் அடைவுக் காசு. மாலை நான்கு மணிக்குள் பைகள் நிறைந்து பஸ்கள் திரும்பிவிடும். கடைக்காரர் அந்தக் காசை எண்ணி, திங்கட்கிழமை கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கட்டிவிடுவார். மலையில் பறித்த கொழுந்து தூளாகி, 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டையாகவே கை மாறிப் போகின்றன. வந்த காசு ஊருக்குள் ஓர் இரவு தங்குவதில்லை.

அதை இரண்டு இரவு தங்கவைக்க என்ன வழி? உள்ளூர்ப் பொருளாதார அபிவிருத்தி என்று பெரிய பெயரில் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்விதான்.

நான்கு வேலி, ஒரு சந்தை

கேள்வியைக் கேட்பது சுலபம். யார் பதில் சொல்வது என்பதில்தான் நாவலப்பிட்டி முட்டிக்கொள்கிறது.

டவுன் நகர சபைக்கு உரியது. சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாண சபை வழியாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் அதன் வருமானம். டவுன் எல்லையைத் தாண்டினால் பஸ்பாகே கோரளை பிரதேச சபை. இரண்டுக்கும் மேலாக, மத்திய அரசின் கையாக, பிரதேச செயலகம். கினிகத்தேனை, வட்டவளை, கொத்மலை என்று வாடிக்கையாளர் வரும் ஊர்கள் நுவரெலியா மாவட்டத்தில் இருக்கின்றன; அங்கே வேறு சபைகள், வேறு செயலகங்கள். நிலையமும் தண்டவாளமும் ரயில்வே திணைக்களத்துடையவை. மலைகள் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில். சந்தை ஒன்றுதான், வேலி நாலா பக்கமும்.

இதில் ஒரு வேலி மற்றதைப் போன்றதல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தங்கள் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிட முடியாதபடி கையைக் கட்டி வைத்திருந்தது. தோட்டத்து மனிதர் வாக்குப் போடுவார். உறுப்பினர் ஒருவரைத் தெரிவுசெய்வார். ஆனால் அந்த உறுப்பினரால் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்ட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பது வருடம். மலையகத் தமிழரின் பிரசாவுரிமைக்கு நடந்த போராட்டத்தைப் பற்றிப் பேசுகிற நாம், இந்த ஒற்றைப் பிரிவு மலையக டவுன்களின் வளர்ச்சியை எவ்வளவு முடக்கியது என்று பேசியது குறைவு. பாதை இல்லாத தோட்டத்திலிருந்து சனம் டவுனுக்கு மாதம் ஒருமுறைதான் வரும். மாதம் ஒருமுறை வருகிறவருக்கு விற்கிற கடை, மாதத்தில் நாலு நாள் கடையாகத்தான் இருக்கும்.

உலக வங்கி 2006இல் ஒரு கைநூல் வெளியிட்டது: நகரங்கள் தங்கள் பொருளாதாரத்தைத் தாங்களே எப்படி வளர்க்கலாம் என்று. ஐந்து படி சொல்கிறது. ஊரின் பொருளாதாரத்தை அளந்து பார்ப்பது இரண்டாவது படி. உபாயம் வகுப்பது மூன்றாவது. செய்வதும் மீளாய்வு செய்வதும் அதற்கப்புறம். முதல் படி, ஆட்களை ஒழுங்கு செய்வது: யார் கூட்டுவது, யார் வருவது, யார் பொறுப்பு. நம் ஊர்களில் நேரே மூன்றாவது படிக்குத் தாவிவிடுவோம். கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆலோசகர் ஒருவர் வருவார், ஹோட்டலில் ஒரு செயலமர்வு, மதியச் சாப்பாடு, பளபளப்பான அட்டை போட்ட அறிக்கை. முதல் படி ஏறாததால் அந்த அறிக்கை யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்றுகூடப் பிறகு தெரியாது.

கூட்டம் போடும் அமைப்பே இல்லை என்று சொல்லமுடியாது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழு கூடுகிறது. அங்கே அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் பேசுவார்கள்: பாலம், மின்கம்பம், மணல் அனுமதி. கொழுந்து பறிக்கும் பெண் அங்கே வருவதில்லை. மிளகு வாங்கும் வியாபாரி வருவதில்லை. டவுனின் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறதோ அந்த இரு கைகளும் இல்லாத இடத்தில் பொருளாதாரம் பேசி என்ன வரும்?

திருப்பூர் கற்ற இரு பாடங்கள்

கடல் கடந்து ஒரு தமிழ் ஊரைப் பார்க்கலாம். திருப்பூரில் எண்பதுகளில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. சாயம் போட நல்ல தண்ணீர் இல்லை. கிணறுகள் கெட்டன, லொறியில் தண்ணீர் வாங்கினார்கள். நகராட்சியால் முடியவில்லை, மாநில அரசிடம் அவ்வளவு பணம் இல்லை. 1990இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைத்தார்கள். போட்டிக்காரர்கள்தான், ஆனால் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே கவலை. சங்கமும் மாநில அரசும் நிதி நிறுவனமும் சேர்ந்து 1995இல் தனியாக ஒரு கம்பனியையே உருவாக்கின. காவிரியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்து சேர்ந்தது 2005இல். சங்கம் தொடங்கிப் பதினைந்து வருடம். இந்தக் கதையை உலகமெங்கும் கருத்தரங்குகளில் சொல்லிப் பாராட்டினார்கள்.

கதையின் மறுபாதியை அதே வாயால் சொன்னவர்கள் குறைவு. தண்ணீர் உள்ளே வந்தது. சாயக் கழிவு வெளியே நொய்யல் ஆற்றில் போனது. கீழே பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையானது. வயல் கெட்ட விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே உத்தரவில் ஊர் ஸ்தம்பித்தது. ஏற்றுமதியாளர், அரசு, நிதிக்காரர் எல்லாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றங்கரை விவசாயி மட்டும் இல்லை. அவரை முதலில் கூப்பிட்டிருந்தால் செலவு கூடியிருக்கும், காலம் நீண்டிருக்கும். ஆனால் அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்திராது.

யார் முடிவெடுப்பது என்பதற்கு இன்னோர் உதாரணம், ஜப்பானில் ஓயாமா என்றொரு மலைக் கிராமம். 1961இல், நெல் போடு என்று அரசு சொன்னபோது, எங்கள் சரிவில் நெல் கட்டாது, பிளம்மும் கஷ்கொட்டையும் நடுகிறோம் என்று தீர்மானித்தது. நட்டு, விற்று, ஹவாய்க்குச் சுற்றுலா போவோம் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட கோஷம். பிறகு 1979இல் ஓயிட்டா மாகாணம் முழுவதும் 'ஒரு கிராமம் ஒரு உற்பத்தி' இயக்கமாக அது பரவியது. நம் நாட்டு அரசாங்கங்களும் அந்தப் பெயரை எடுத்து வந்து பார்த்தன. பெயர் வந்தது, மேலே இருப்பவர் சொல்வதை மறுத்து ஊர் தானே முடிவெடுத்த அந்த முதல் கூட்டம் வரவில்லை.

தோட்டத்துத் திருவிழாவிடம் கேட்போம்

ஓயாமாவுக்கெல்லாம் போகத் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஊர்கூடித் தேர் இழுப்பது என்பது நமக்குப் பழமொழி மட்டும் அல்ல; ஆண்டுதோறும் செய்துகாட்டுகிற காரியம். நாவலப்பிட்டியைச் சுற்றிய எந்தத் தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழா எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

முதலில் சந்தா. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லித் தொழிலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு நாள் சம்பளத்துக்காக மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும் சனம், 2024இல் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயாவதற்கு எத்தனை பேச்சுவார்த்தை நடந்தது என்று அறிந்த சனம், திருவிழாவுக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறது. காரணம் பக்தி மட்டும் அல்ல. காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தது உபயம். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு நாள், கடைவீதி வியாபாரிகளுக்கு ஒரு நாள், சாரதிமாருக்கு ஒரு நாள். பெரும்பாலும் எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்மாரும் ஒரே குழுவில் இருப்பார்கள். தேர்தலில் முகம் பார்க்காதவர்கள் தேர்வடத்தில் பக்கத்தில் நிற்பார்கள். துரையிடம் அனுமதி கேட்கப் போவதும் ஒன்றாகத்தான். முடிந்ததும் கோவில் முற்றத்தில் கணக்கு வாசிப்பு. தேங்காய் எத்தனை, மேளக்காரருக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. சண்டை வரும். அடிதடிகூட வந்திருக்கிறது. ஆனால் வாசிக்காமல் விட்ட குழு அடுத்த வருடம் குழுவாக இருக்காது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். திருவிழாக் குழுக்களில் பெண்கள் அரிது. சந்தாவில் பாதி அவர்கள் சம்பளத்திலிருந்து போனாலும் கணக்கு வாசிக்கும்போது அவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். டவுன் இந்த ஒழுங்கைக் கடன் வாங்கும்போது இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாங்க வேண்டும். சம்பள நாளில் டவுனில் என்ன வாங்குவது, எந்தக் கடையில் வாங்குவது என்று தீர்மானிப்பவள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண். உள்ளூராட்சி சபைகளில் கால்வாசிப் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஊர்ப் பொருளாதாரக் குழுவில் பாதி இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

எதிலிருந்து தொடங்குவது

பெரிய கனவில் தொடங்கினால் முதல் கூட்டத்தோடு கலைந்துவிடும். திருப்பூருக்குத் தண்ணீர் போல, எல்லார் காலையும் ஒரே நேரத்தில் நனைக்கும் ஒன்று வேண்டும். நாவலப்பிட்டிக்கு அது உண்மையாகவே காலை நனைக்கிறது. 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் பெய்த மழையில் டவுன் வெள்ளத்தில் கிடந்தது. வைத்தியசாலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தையே உலுக்கி, ரயில் பாதையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. மகாவலி டவுனோடு ஒட்டி ஓடுகிறது. வடிகான் நகர சபையுடையது. வடிகானுக்கு மண் கொண்டுவரும் சரிவு தோட்டத்துடையது. இடையில் உள்ள பாதை பிரதேச சபையுடையது அல்லது வீதி அதிகார சபையுடையது. வெள்ளத்துக்கு இந்த எல்லைகள் தெரியாது. கடைக்காரர், ஓட்டோக்காரர், ஆஸ்பத்திரி, தோட்டம், ரயில்வே எல்லாரும் நட்டப்பட்ட ஒரே விடயம் இதுதான். வியாபாரம் பேசுவதற்கு முன் சரக்கு நனையாமல் இருக்க வேண்டாமா? முதல் உபயம் வடிகானுக்கு.

இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. டவுனுக்கு ஒரு சம்பள நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், எதை இங்கே கிடைக்காமல் கம்பளைக்கும் அட்டனுக்கும் போய் வாங்குகிறார்கள்? இதற்கு வெளிநாட்டு ஆலோசகர் வேண்டாம். உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்கள் பஸ் நிலையத்தில் நின்று ஐந்து கேள்வி கேட்டால் போதும். பேராதனைப் பல்கலைக்கழகம் ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கணக்கைச் சரிபார்க்க அங்கே ஆட்கள் உண்டு. மிளகையும் கராம்பையும் இங்கேயே தரம் பிரித்துப் பொதி செய்தால் எவ்வளவு கூடுதலாக நிற்கும் என்று சொல்ல, பேராதனையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களமே இருக்கிறது. கேட்கப் போகிறவர் தனி வியாபாரியாகப் போனால் வாசலில் காத்திருப்பார். ஊர்க் குழுவாகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

தீபாவளிக் கடைத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டங்களில் பண்டிகை முற்பணம் கொடுத்ததும் நடைபாதை நிறையத் தற்காலிகக் கடைகள் முளைக்கும். வருடம் முழுக்க வாடகையும் வரியும் கட்டுகிற நிரந்தரக் கடைக்காரர் கொதிப்பார். சபைக்கு இட வாடகை வருமானம். வெளியூர் வியாபாரி நாலு நாளில் அள்ளிக்கொண்டு போவார். ஆண்டுதோறும் இதே கூத்து, ஆண்டுதோறும் கடைசி வாரத்தில்தான் பேச்சு. ஆனி மாதத்திலேயே இரு தரப்பையும் உட்கார வைத்து, தற்காலிக இடங்களில் பாதியைத் தோட்டத்துப் பெண்களின் சுயதொழிலுக்கு ஒதுக்குவது என்று முடிவெடுத்தால் ஐப்பசியில் சண்டை பாதியாகும். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையா?

ரயிலைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சுற்றுலாக்காரரை இறக்க முடியாதா என்று. முடியும், ஆனால் அது கடைசியில். இறங்கியவருக்குச் சுத்தமான கழிப்பறையும், வடிகான் நாறாத தெருவும், ஏமாற்றாத ஓட்டோவும் இல்லாத வரை அவர் ஜன்னலுக்கு உள்ளேயே இருப்பது ஊருக்கும் நல்லது.

இன்னொன்றை மறக்கக்கூடாது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. தேர்தல் தள்ளிப்போய்ப் புதிய சபைகள் 2025 மே மாதத்தில்தான் தெரிவாயின. இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டின் ஊர்கள் தெரிவான ஆட்கள் இல்லாமல் செயலாளர்களால் நடத்தப்பட்டன. அதுவும் கடும் நெருக்கடிக்குப் பிந்திய ஆண்டுகள்; ஊர் தன்னைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டிய காலம். ஆகவே ஊர்ப் பொருளாதாரக் குழு சபையின் வாலாக இருக்கக்கூடாது. சபை கலைந்தாலும் கலையாததாக இருக்க வேண்டும். தொடங்குவதற்கு, உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக் குழு அமைக்கப் பிரதேச சபைச் சட்டமே இடம் தருகிறது. பயன்படுத்துவதுதான் மிச்சம்.

நகர சபைத் தவிசாளரும் பிரதேச சபைத் தவிசாளரும் வெவ்வேறு கட்சியாக இருக்கலாம், ஒரே கட்சியாக இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். இருவரிடமும் கேட்பது ஒன்றுதான். ஒரே கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கூப்பிடுங்கள். கடைக்காரருக்கும் தோட்டத் தலைவருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் நிலைய அதிபருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் அதே கடிதம் போகட்டும். கினிகத்தேனைப் பக்கத்துச் சபைக்கும் ஒரு பிரதி. கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள், தோட்டத்தவருக்கு அன்றைய நாட்கூலிக்குப் பெயர் விழாது. சம்பள வாரத்திலும் வேண்டாம், கடைக்காரர் வரமாட்டார். மாதக் கடைசி ஞாயிறு, பகல் இரண்டு மணி. தொலஸ்பாகைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுங்கள்.